எதிர்வெயிலில் பவளக்கால்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பத்தொன்றுக்குச் சூரியன் ஏரிக்கரைக்கு மேலே வந்தது. எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். வானத்தில் மேகம் இல்லை. பறவைகள் வந்து நின்றிருந்தன. என் மகள் இசக்கி சேற்றில் குப்புறப் படுத்து, கேமராவில் கண்ணை வைத்துக் காத்திருந்தாள். வெளிச்சம் வந்தது. அவள் காத்திருந்த வெளிச்சம் அது இல்லை. தலையைத் தூக்கிச் சூரியனைப் பார்த்தாள். வேறு யார் வீட்டுப் பொட்டலத்தையோ வாங்கி வந்துவிட்டவள் மாதிரி மறுபடியும் பார்த்தாள்.

அந்தக் காலையை என்னால் மறக்க முடியவில்லை. அதற்குக் காரணம் வெளிச்சம் இல்லை. அடுத்த கால் மணி நேரத்தில் நடந்தது. அதற்கு முன்னால் நான் ஏன் அந்த ஏரியில் இருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

சங்கரன்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இசக்கி ஒரே பிள்ளை. டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். ஷிப்டு முழுக்க நின்றுகொண்டே பார்க்க வேண்டிய வேலை. எஞ்சிய நேரத்தில், யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற கேமராவையும் நீள லென்ஸையும் தூக்கிக்கொண்டு ஏரி ஏரியாகப் போய்ப் பறவைகளைப் படம் எடுக்கிறாள். தண்ணீரில் நடந்து இரை தேடும் நெட்டைக் கால் பறவைகள் என்றால் அவளுக்கு உயிர். எனக்கு எல்லாமே கொக்குதான்.

தொழிற்சாலையில் புதிதாக ஒரு கேண்டீன் கட்டியிருக்கிறார்கள். அதன் ஒரு சுவர் முழுக்க, வேலை செய்பவர்களில் ஒருவர் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சடித்து ஒட்டுவது என்று முடிவு. நிறையப் பேர் படம் கொடுத்தார்கள். இசக்கியின் படம் தேர்வானது. கீழே, எடுத்தவர் இசக்கியம்மாள் என்று பெயர் வரும். போனில் சொன்னபோது அவள் குரல் பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலாக இருந்தது. நான்கு நாள் கழித்து அழுதுகொண்டே கூப்பிட்டாள். "எம்மா, நான் கம்ப்யூட்டர்ல செஞ்சு குடுத்துட்டேன்னு சொல்லுதாங்க. ஏமாத்திட்டேங்காங்க."

அதற்கு மேல் வீட்டில் இருக்க முடியவில்லை. அவள் அப்பா தன் கடையைப் பார்த்துக்கொள்ள, நான் வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறினேன்.

சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்க வேண்டியவள் தூங்கிப்போனேன். தாம்பரத்தில் கண்டக்டர் எழுப்பி, "இன்னாமா, கடல் பாக்கப் போறியா, எறங்கு" என்றார். இருட்டில் வேறு பஸ் பிடித்து ஒரகடம் கூட்டுரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது விடிந்துவிட்டது. எங்கள் பக்கம் அந்த நேரத்தில் ரோட்டில் பால்காரரும் நாய்களும்தான் இருக்கும். இங்கே திருவிழாக் கூட்டம். நீலச் சட்டை, சாம்பல் சட்டை, கழுத்தில் அட்டை. பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகின்றன. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை, அவ்வளவு தூக்கம்.

ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் வடக்கத்திப் பையன்கள் இருவர். ஒருவன் பாதி உடம்பு வெளியே தொங்க, வீடியோவில் அவன் அம்மாவோடு பேசிக்கொண்டு வந்தான். நான் சின்ன வயதில் இந்திப் பரீட்சைகள் எழுதியவள் என்பது அவனுக்குத் தெரியாது. "ஏசி வண்டியில்தான் போகிறேன் அம்மா, ரொம்ப வசதி" என்றான். கூட இருந்தவன், "காற்று கொஞ்சம் அதிகமாக வருகிறது, குறைக்கச் சொல்லு" என்றான். அந்த அம்மா அங்கே சந்தோஷப்பட்டிருப்பாள். எனக்கு என் மகள் இதுவரை போனில் சொன்னதையெல்லாம் திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

பெரிய ரோட்டை அகலப்படுத்தத் தோண்டிப் போட்டிருப்பதால் மூன்று மாதமாக எல்லா வண்டியும் ஏரிக்கரை வழியாகத்தான் போகிறதாம். செம்மண் கரை. முன்னால் நான்கு ஷிப்டு பஸ், பின்னால் எங்கள் ஆட்டோ. இறங்கியபோது என் வெளிர்நீலப் புடவை என்ன நிறம் என்று எனக்கே தெரியவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கு டப்பாவின் மூடிக்குள்ளும் மண்.

இசக்கி முதல் ஷிப்டுக்குப் போயிருந்தாள். மளிகைக் கடைக்கு மேலே ஒரு அறை, நான்கு பெண்கள். ஒருத்தி ஊருக்குப் போயிருந்ததால் எனக்கு ஒரு பாய் கிடைத்தது. இரவு ஷிப்டு முடித்து வந்த ஜெனிபர் என்னும் தூத்துக்குடிப் பெண் கதவைத் திறந்து, "வாங்கத்தை, இசக்கி சொன்னா" என்று சொல்லிவிட்டு நின்றபடியே தூங்கினாள். நான் கீழே மெஸ்ஸுக்குப் போனேன். இட்லிக்கு வடகறி என்று ஒன்று ஊற்றினார்கள். பழைய வடையைப் பிய்த்துப் போட்டுக் குழம்பாக்கியது போல இருந்தது. முகம் சுளித்துக்கொண்டே இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் இசக்கி வந்தாள். மெலிந்திருந்தாள். முதலில் படத்தைக் காட்டச் சொன்னேன்.

அதைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம் வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மூன்று பறவைகள், ஆழமில்லாத தண்ணீரில். பின்னாலிருந்து சூரியன். உடம்பு இருட்டாக, விளிம்பில் மட்டும் ஒரு நூல் வெளிச்சம். கால்கள் பவளம் பவளமாகச் சிவந்து உள்ளிருந்தே எரிவது மாதிரி. அவற்றைச் சுற்றித் தண்ணீர், காற்று எல்லாமே பொன். மஞ்சள் துணியை உதறியது போலக் காற்றில் பொன் அலைந்துகொண்டிருந்தது.

"இது எந்த ஏரி?"

"நீ காலைல வந்தியே, அதே ஏரிதான்."

நான் வந்த வழியில் பார்த்தது, முக்கால்வாசி வற்றி, ஓரத்தில் பிளாஸ்டிக் பை ஒதுங்கிய ஒரு குட்டை. எங்கள் ஊரில் அதைக் குளம் என்றுகூடச் சொல்ல மாட்டோம்.

நிரூபிக்க மூலப் படத்தைக் கேட்டிருக்கிறார்கள். அதாவது, எந்தத் திருத்தமும் செய்யாமல் கேமராவில் விழுந்தது விழுந்தபடி இருப்பது. இவள் கேமராவுக்கு ஒரே மெமரி கார்டு. நிறைந்தால் தேறியதைப் போனுக்கு மாற்றி, வெளிச்சம் இருட்டைச் சரிசெய்து வைத்துக்கொண்டு, மற்றதை அழித்துவிடுவாள். மூலம் போய்விட்டது. படத்தேர்வுக் குழுவில் இருந்த ஷிப்டு இன்சார்ஜ் ஏகாம்பரம்தான் முதலில் சந்தேகத்தைக் கிளப்பியவர். அந்த ஏரியை ஒட்டிய ஊர்க்காரர். அன்று மாலை இசக்கி அவரிடம் பேசும்போது ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"தோ பாரும்மா, நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லல. நான் அந்த ஏரில அம்மணமா குளிச்சு வளந்தவன். அங்க இப்டி ஒரு வெளிச்சம் நான் பாத்ததே கெடையாது. எங்கப்பன் பாத்தது கெடையாது. நீ இன்னொரு வாட்டி எடுத்துக் காட்டு. நாளைக்கி லீவுதானே, காலைல நானே வரேன். திங்கக்கெழம மத்தியானத்துக்குள்ள முடிவு சொல்லணும். இல்லாங்காட்டி அந்த ஃபோர்க்லிப்டு படத்த போட்ருவாங்க."

இரண்டாம் இடம் பிடித்த படத்தில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிப்டு வண்டிகள் வரிசையாக நிற்கின்றன.

"சுவரு போனாப் போட்டும்மா" என்றாள் இசக்கி, போனை வைத்துவிட்டு. "திருடிங்கிற பேரோட அந்த லைன்ல எப்படி நிக்க?"

இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்குப் போனோம். கரையின் மேற்கே வற்றிய பகுதியில் இறங்கி, தண்ணீருக்கு இந்தப் பக்கமாக, சூரியனைப் பார்த்தபடி அவள் படுத்தாள். கேமராவுக்கு அடியில் ஒரு அலுமினியத் தாம்பாளம். சேற்றில் அதைத் தள்ளிக்கொண்டே ஊர்ந்து போகலாம். கேமரா பறவையின் முழங்கால் உயரத்தில் இருக்கும். தாம்பாளத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தேன். என் மாமியார் பெயர் வெட்டியிருந்தது.

"ஏட்டி, இதக் காணும்னு வேலைக்காரிய கேட்டேனே நான்!"

"மெல்லமா பேசும்மா."

நான் வேலிக்காத்தான் புதரடியில் உட்கார்ந்தேன். ஏகாம்பரம் வரவில்லை. போன் செய்தார்; பின்னால் நாதஸ்வரம் கேட்டது. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் உறவுக்காரர் கல்யாணம், மறந்துவிட்டாராம். "எடுத்து அனுப்புமா, பாத்துக்கலாம்" என்றார்.

சூரியன் வந்தது. பறவைகள் நின்றன. வெள்ளைப் பறவைகள், கறுப்பு இறக்கை, சாம்பல் தண்ணீர். பொன் வரவில்லை. அரசு ஆஸ்பத்திரி டியூப்லைட் மாதிரி ஒரு வெறும் வெயில். இசக்கி இன்னும் தாழ்ந்து, இன்னும் கோணம் மாற்றி, தாம்பாளத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே போனாள். போதும், போதும் என்று என் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இடம் மாறக் குனிந்தபடி எழுந்து ஓர் அடி வைத்தவள், திடீரென்று பாதி உயரம் ஆனாள்.

வீடு கட்டவும் மனை மேடாக்கவும் மண் அள்ள இந்த ஏரிகளில் பொக்லைன் இறங்கும். அள்ளிய பள்ளத்தில் மழை வந்து சேற்றை நிரப்பி, மேலே தரை போல மூடிவிடும். அப்படி ஒன்றில் கால் வைத்துவிட்டாள். இடுப்பு வரை. பிறகு மார்பு வரை. நான் எழுந்து கத்திக்கொண்டே ஓடினேன். கால் புதைந்து விழுந்தேன். மறுபடி கத்தினேன்.

"எம்மா, கத்தாத" என்றாள் அவள். குரல் கொஞ்சமும் உயரவில்லை. "கொக்கு பறந்துரும்."

எனக்குப் புரிவதற்காகக் கொக்கு என்று சொன்னாள்.

முதலில் தாம்பாளத்தைக் கேமராவோடு இறுகிய தரைப்பக்கம் தள்ளினாள். பிறகு இரண்டு கையையும் விரித்து, சேற்றின் மேல் மார்பைச் சாய்த்துப் படுத்தாள். நீந்துவது போல, ஆனால் மிக மெதுவாக, ஒரு காலை ஆட்டி ஆட்டி உருவினாள். பிறகு மறுகால். ஊர்ந்து வந்து என் பக்கத்தில் புரண்டு வானத்தைப் பார்த்துப் படுத்தாள். ஒரு செருப்பு பள்ளத்திலேயே போய்விட்டது. அவள் முதலில் கேட்டது, "லென்ஸ்ல தண்ணி பட்டுச்சா?" நான் அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். பிறகு அதே இடத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தண்ணீருக்கு அந்தப் பக்கம் பவளக்கால் உள்ளான்கள் எங்களைச் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பெயரை அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அறைக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, மத்தியானம் அவள் போனில் படங்களை விரித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிர்வெயிலில் எடுக்கும்போது வேண்டுமென்றே படத்தைக் கறுப்பாக எடுப்பாளாம். எனக்கு விளங்கவில்லை.

"வெள்ளை எரிஞ்சுபோச்சுன்னா போனதுதாம்மா. அதுல திரும்ப எடுக்க ஒண்ணுமே இருக்காது. இருட்டுக்குள்ள எல்லாம் பத்திரமா இருக்கும். அப்புறம் மெதுவாத் தொறந்துக்கலாம்."

போன் திரையில் இருந்த ஒரு கோட்டை விரலால் நகர்த்தினாள். கறுப்புக்குள்ளிருந்து பறவையின் கண் வந்தது. கழுத்தின் வளைவு வந்தது. இன்னும் நகர்த்தினால் இன்னும் வரும், ஆனால் சாம்பல் பூத்துவிடும் என்று நிறுத்தினாள். எங்கே நிறுத்துவது என்பதில்தான் அவளுக்கு நேரம் போனது. எனக்கு அது தெரிந்த வேலை. கண்ணாடியில் தடவிய ரத்தப் பூச்சுக்குச் சாயம் ஏற்றும்போது ஒரு நிமிடம் கூடினால் எல்லா அணுவும் ஒரே நீலமாகிவிடும். நானும் வாழ்நாள் முழுக்க, மைக்ராஸ்கோப்பில் கீழிருந்து வெளிச்சம் விட்டு, அது ஊடுருவி வரும்போது தெரிவதைத்தான் பார்த்துச் சம்பாதிக்கிறேன். இவளுக்கு அது எதிரிலிருந்து வருகிறது. இதை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பாள்.

ஆனால் பொன் வரவில்லை. எந்தக் கோட்டை நகர்த்தினாலும் வெறும் வெயிலாகவே இருந்தது.

ஜெனிபர் மேல் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏ மக்கா, இதுக்கு எதுக்கு இம்புட்டு மண்டைய உடைக்க? மஞ்சள ஒரு இழு இழு. புகை மாதிரி ஒண்ணு இருக்குல்லா அதுல, அத அள்ளி விடு. கேண்டீன்ல சோத்தப் பாப்பானுவளா, சுவரப் பாப்பானுவளா?"

"வேண்டாம்" என்றாள் இசக்கி.

காலையில் சேற்றில் பார்த்ததற்குப் பிறகு, அவள் மறுபடி ஏரிப் பக்கம் போகாமல் இருந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. "ஏட்டி, அவ சொல்லுதது சரிதானே. நீதான் ஏற்கெனவே நெசமா எடுத்துட்டியே. அத மாதிரி ஆக்கிக் குடுத்தா என்ன தப்பு?"

இசக்கி போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ ரத்தம் பாக்கும்போது ஒரு பிள்ளைக்கு ரத்த அளவு எட்டுதான் இருக்குன்னு வையி. பாவம், கல்யாணத்துக்குத் தேதி குறிச்சிருக்காவன்னு பன்னெண்டுன்னு எழுதிக் குடுப்பியா?"

ஜெனிபர் மேலிருந்தே சொன்னாள். "அத்தை, உங்க பிள்ளை உங்களையே கேக்கா பாத்தீங்களா."

எழுந்து போய்த் துணி துவைத்தேன். மாடியில் ஒரே குழாய். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் எல்லாருக்கும் துவைக்கும் நாள். வரிசையில் நின்றுதான் இடம் பிடிக்க வேண்டும். எனக்குக் கோபம் இல்லை. முகத்தை யாருக்கும் காட்டாமல் இருக்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எட்டை எட்டு என்று எழுதியதற்காக என்னோடு பேசாமல் போனவர்கள் ஊரில் உண்டு. அதையெல்லாம் நான் வீட்டில் சொன்னதில்லை. சொல்லாமலே இவளுக்கு எப்படி வந்தது?

சனிக்கிழமை கட்டியிருந்த வெளிர்நீலப் புடவையை வாளியில் முக்கினேன். தண்ணீர் செம்பருத்திக் கஷாயம் மாதிரி ஆனது. கொட்டிவிட்டு மறுபடி முக்கினேன். மறுபடி சிவப்பு. எனக்கு வந்த எரிச்சலில் சத்தமாகவே சொன்னேன். "நேத்து ஒரு நா அந்தக் கரையில வந்ததுக்கு இம்புட்டு மண்ணு! இன்னைக்கும் அதே கரைலதான் போனோம் வந்தோம், மூக்குல ஒரு தும்மல் இல்ல."

இசக்கி வாசலில் வந்து நின்றாள். வாளியைப் பார்த்தாள்.

"எம்மா, இது எந்தச் சேலை?"

"நேத்து உடுத்துனது."

"நேத்து எத்தன மணிக்குக் கரையில வந்த?"

"உங்க பஸ்ஸெல்லாம் போறப்பதான். அதுதான் இந்தக் கதி."

அவள் அந்தச் சிவந்த தண்ணீருக்குள் கையை விட்டு எடுத்தாள். பிறகு அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அந்தப் படத்தை எடுத்தது அவளுக்கு இரண்டாம் ஷிப்டு நடந்த வாரத்தில், வேலை நாள் ஒன்றின் காலையில். ஞாயிறுகளில் அவள் ஏரிக்குப் போனதே இல்லை. துணி துவைப்பாள், தூங்குவாள். சூரியன் கரைக்கு மேல் வரும் அதே நேரத்தில் கரை மேல் பஸ்கள் போகும். பஸ் கிளப்பும் செந்தூசி சூரியனுக்கும் பறவைக்கும் நடுவில் திரை மாதிரி நிற்கும். பொன் அதுதான். ஏகாம்பரம் பார்த்ததில்லை, அவர் அப்பா பார்த்ததில்லை என்றால் அதுவும் உண்மைதான். பெரிய ரோட்டைத் தோண்டி மூன்று மாதம்தானே ஆகிறது. லீவு நாளாகப் பார்த்து நிரூபிக்கச் சொன்னார். இவளும் லீவு நாளாகப் பார்த்துப் போனாள். ஷிப்டுக்கே பழகியவர்களுக்கு வேறு எந்த நாள் தோன்றும்?

திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கு இரண்டாம் ஷிப்டு. காலை அவளுடையது.

"போகக் கூடாது" என்றேன்.

"எம்மா."

"அந்தப் பள்ளம் அங்கதான இருக்கு?"

"எங்க இருக்குன்னு இப்பத் தெரியும்லா."

இரவு முழுக்க யோசித்தேன். அவளுக்கு வேண்டாம் என்று சொல்ல என்னிடம் இருந்த ஒரே காரணம் என் பயம். அது அவளுடைய பெயரை விடப் பெரிதாக இருக்க முடியாது. விடிவதற்கு முன் மாடிக் கொடியிலிருந்து நைலான் கயிற்றை அவிழ்த்தேன்.

"இத இடுப்புல கட்டுவேன். மறுமுனை என் கையில. சரின்னா வா."

ஜெனிபர் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். இசக்கி சிரிக்கவில்லை. கையைத் தூக்கிக் காட்டி, கட்ட விட்டாள்.

திங்கட்கிழமை அதே இடம், அதே புதர். அவள் முந்தைய நாள் பள்ளத்துக்கு வெகுதூரம் தள்ளி, தாம்பாளத்தின் பின்னால் ஊர்ந்தாள். நான் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். கிணற்றில் வாளி இறக்கும் பழக்கம் கை மறக்கவில்லை. பறவைகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. சூரியன் வந்தது. நேற்றைப் போலவே வெறும் வெயில். கயிற்றை இன்னொரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டேன்.

கரையின் தெற்கு முனையில் முதல் பஸ் திரும்பியது.

முதலில் சத்தம். பிறகு பஸ்ஸின் பின்னால் தூசி எழுந்து, ஒரு நொடி தயங்கி, சூரியனின் குறுக்கே சரிந்தது. தண்ணீர் பொன்னானது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பறவைகளின் உடம்பு இருண்டு, விளிம்பு பற்றிக்கொண்டது. கால்கள் பவளம். படத்தில் பார்த்தது குறைவு என்று தோன்றியது. முன்னால் என் மகள் அசையாமல் கிடந்தாள். ஒரு விரல் மட்டும் வேலை செய்தது. இத்தனை நாள் இவள் எனக்குப் போனில் சொன்ன 'நல்லாருக்கேம்மா'வில் இதுவும் இருந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

பஸ் கரை நடுவில் நின்றது. ஏன் நிற்கிறது என்று எனக்குப் பயம். நீலச் சட்டை போட்ட கனத்த மனிதர் ஒருவர் இறங்கி, சரிவில் சறுக்கி, குட்டையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். பறவைகள் கிக் கிக் என்று கத்திக்கொண்டு மொத்தமாக எழுந்தன.

"யாருவே அது? உக்காரும்!" என்று இசக்கி திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்.

அவர் எனக்குப் பக்கத்தில் வந்து மூச்சு வாங்க நின்றார். என் கையில் இருந்த கயிற்றையும், அதன் மறுமுனையில் சேற்றில் கிடந்த உருவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாச்சுமா? உயிர் கீதா? பஸ்ல இருந்து பாத்தா பொணத்த இழுக்குற மாறி கீது!"

நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "உயிரோடதான் இருக்கா. படம் எடுக்கா. அசையாதீங்க."

கழுத்தில் தொங்கிய அட்டையில் ஏகாம்பரம் என்று இருந்தது.

"நீங்க அந்தப் பொண்ணோட..."

"அம்மா."

"கட்டிப் போட்டுக்கினு கீறீங்களே?"

"பள்ளம் இருக்கு சார்."

"அது செரி" என்றார். ஏரிக்காரர், உடனே புரிந்துகொண்டார். பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நேத்து போட்டா ஒண்ணும் வரலியே. என்னத்தக் காட்டப்போறா இன்னிக்கி?"

பறவைகள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே இடத்தில் ஒவ்வொன்றாகக் காலைத் தொங்கவிட்டு இறங்கின. நின்ற பஸ்ஸைத் தாண்டிக்கொண்டு அடுத்த பஸ் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இரண்டு வேன். கரை முழுக்கத் தூசி எழுந்து சூரியனை மறைத்து, மறைத்த இடமெல்லாம் பற்றி எரிந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்திருந்தது. கன்னத்தில் அந்தப் பொன் விழுந்திருந்தது. கரையிலிருந்து டிரைவர் ஹாரன் அடித்தார். இவர் காதில் விழவில்லை.

தூசி அடங்கியது. தண்ணீர் மறுபடி சாம்பலானது. இசக்கி தலையைத் தூக்கி, அப்போதுதான் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தாள். எழவும் முடியாமல், "சார்" என்று இழுத்தாள். கேமராவைக் காட்டப் போனவளைக் கையமர்த்திவிட்டு, ஏகாம்பரம் என் பக்கம் திரும்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசிதான் என்று சொல்லிக்கொண்டார்.

"செவுரு உங்க பொண்ணோடதுதாம்மா, நான் போய் சொல்லிக்கிறேன்" என்றார். "மூணு மாசமா இந்தத் தூசிய ஜன்னல சாத்திக்கினு திட்டிக்கினே போறேன். ஒரு நாளு எறங்கி இந்தாண்ட வந்து குந்தணும்னு தோணல பாருங்க எனக்கு."